ஒரு மரவிமானத்தின் சமூக வரலாறு: பொலிக்கார்ப்பொவின் ஊ-2

விமானவியலின் வரலாறு பெரும்பாலும் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எது முதலிற் பறந்தது, எது மிக உயரத்தை எட்டியது, எது ஒலியின் வேகத்தைக் கடந்தது என்னும் வினாக்களே வரலாற்றாசிரியர்களை ஈர்த்துள்ளன. இவ்வாறு எழுதப்படும் நூல்களில், 1928 ஆம் ஆண்டிலே பறக்கத் தொடங்கிக் கால்நூற்றாண்டு காலம் பெரிய மாற்றமெதுவுமின்றி உற்பத்தி செய்யப்பட்டதும், மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீற்றரே உச்ச வேகமாகக் கொண்டதுமான ஒரு மரவிமானத்துக்கு அடிக்குறிப்பொன்றே கிடைப்பதில் வியப்பில்லை. ஆயினும், சோவியத் ஒன்றியத்திலே கட்டப்பட்ட ஊ-2 என்னும் அவ்விமானத்தின் தொகையை 20,000 என்று குறைத்துக் கூறுவோரும் உளர். 40,000 என்று உயர்த்திக் கூறுவோரும் உளர். இவற்றுள் எதனைக் கொள்ளினும், உலகில் மிகுதியாகக் கட்டப்பட்ட விமானங்களுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. அமெரிக்கர் 1950களில் வேவு பார்ப்பதற்கெனச் செய்த யூ-2 விமானத்தோடு இதனை மயக்குதல் கூடாது. எழுத்தும் எண்ணும் ஒத்திருப்பினும் இரண்டிற்குமிடையே வேறெவ்வித உறவும் இல்லை.

ஒரு பொறி எத்துணை நுட்பமானது என்று கேட்பதோடு நில்லாது, அது எவர் கையிற் கொடுக்கப்பட்டது, பழுதுற்றபோது அதனை எவர் திருத்தினர், எவர் அதற்கு விலை கொடுத்தனர் என்றும் கேட்போமாயின், ஊ-2 இன் வரலாறு வேறொரு வடிவம் பெறுகின்றது. அவ்வடிவத்தை நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும்.

உள்நாட்டுப் போர் முடிவுற்றபோது சோவியத் அரசிடம் எஞ்சியிருந்த விமானங்கள் பெரும்பாலும் பிற நாடுகளின் ஆக்கங்களே. பயிற்சிக்குப் பயன்பட்ட ஊ-1, போரிற் கைப்பற்றப்பட்ட பிரித்தானிய அவ்ரோ 504 விமானத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. 'ஊ' என்பது 'உச்செப்னி', அதாவது பயிற்சிக்குரியது, என்னும் ருஷ்யச் சொல்லின் முதலெழுத்து. ஊ-1 இன் பொறியும் பிரெஞ்சுப் பொறியொன்றின் படியே. அது சுழற்பொறி வகையைச் சேர்ந்தது. அவ்வகையிலே நடுத்தண்டு அசையாது நிற்க, உருளைகள் யாவும் விசிறியோடு சேர்ந்து சுழலும். சுழலும் உருளைகள் காற்றினால் நன்கு குளிர்வது உண்மையே. ஆனால் அவை ஆமணக்கெண்ணெயைப் பெருமளவிற் குடித்தன. அன்றியும், சுழலும் பாரம் பம்பரம்போல இயங்கி விமானத்தைத் திருப்புகையிற் பக்கவாட்டில் இழுத்தது. பழகிய விமானிக்கு இது தொல்லை; கற்கும் மாணவனுக்கோ ஆபத்து.

இதற்கு மாற்றாக ஒரு விமானத்தை வரையும் பணி நிக்கொலாய் பொலிக்கார்ப்பொவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1892 இற் கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், புரட்சிக்கு முன்னர் சிக்கொர்ஸ்கியின் கீழ்ப் பணியாற்றியவர். 1927 இல் அவர் உருவாக்கிய முதல் மாதிரி, பொருளாதார நோக்கொன்றை அதன் எல்லைவரை கொண்டு சென்றது எனலாம். சிறகுகளின் நான்கு பகுதிகளும் ஒரே அளவின. ஒன்று உடைந்தால் எதனையும் எவ்விடத்திலும் பொருத்தலாம். வாலிலும் சிறகிலும் உள்ள அசையும் பலகைகளும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் அமைந்தன. பட்டறையிலே இது மிக எளிது. வானிலோ விமானம் திருப்தியாகப் பறக்கவில்லை. தடித்த, சதுரமுனைச் சிறகுகள் அதனை மந்தமாக்கின. பொலிக்கார்ப்பொவ் வரைபடத்தை மீள எழுதினார். சிறகுகள் மெலிந்தன, முனைகள் வளைவு பெற்றன, ஒவ்வோர் உறுப்பும் அதனதன் தொழிலுக்கேற்ற வடிவம் பெற்றது. இத்திருத்திய விமானத்தை 1928 ஜனவரி 7 ஆம் திகதி மிக்கெயில் குரொமொவ் பறப்பித்தார். சிக்கனம் தனியே ஒரு வடிவமைப்புக் கொள்கையாகாது என்பதை அவ்விடைவெளி காட்டுகின்றது. பிற்காலத்தில் எளிமையின் திருவுருவாகப் போற்றப்பட்ட இவ்விமானம், அளவு கடந்த எளிமையைக் கைவிட்ட பின்னரே பறந்தது என்பது நோக்கற்பாலது.

அதன் பொறி தனியே ஆராயத்தக்கது. ஆர்க்கடி ஷ்வெத்சொவ் 1920களின் நடுப்பகுதியில் உருவாக்கிய எம்-11, ஐந்து உருளைகள் கொண்ட ஆரைப் பொறியாகும். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள்போல் உருளைகள் நடுவிலிருந்து சுற்றிவர விரிந்து நிற்கும். இங்கு அவை அசைவதில்லை, நடுத்தண்டே சுழலும். ஐந்து முசலங்களுள் ஒன்றின் கோல் மாத்திரம் நேரே நடுத்தண்டைப் பற்றியிருக்க, ஏனைய நான்கும் அக்கோலிலே கொளுவப்பட்டிருக்கும். உருளைகளின் தொகை ஒற்றையெண்ணாக இருப்பதற்கும் காரணமுண்டு. நான்கடிப்புப் பொறியில் ஒவ்வோர் உருளையும் தண்டின் இரு சுற்றுக்கு ஒருமுறையே எரியும். உருளைகள் ஒன்றுவிட்டொன்றாக 1, 3, 5, 2, 4 என்ற முறையில் எரியும்போது, இரு சுற்றுக்குள் ஐந்தும் சம இடைவெளியில் எரிந்து முடிகின்றன. இரட்டையெண்ணாயின் ஒரே வரிசையில் இவ்வொழுங்கு கிட்டாது.

தொடக்கத்தில் ஏறத்தாழ 100 பரிவலுவே தந்த இப்பொறி, அக்கால மேலைத்தேயப் பொறிகளோடு ஒப்பிடுமிடத்து உயர்ந்த சாதனையன்று. ஆயின் அது காற்றினாற் குளிர்ந்தது. உறைபனிக் காலத்தில் உறைந்து வெடிப்பதற்கு நீர்க்குழாய் எதுவும் அதிலில்லை. தரங்குறைந்த எரிபொருளை ஏற்றது. உருளைகள் வெளியே தெரிய நின்றமையாற் பழுதைக் கண்ணாற் கண்டு கையால் எட்டலாம். தேர்ந்த தொழிலாளர் அரிதாயிருந்த, உலோகக் கலவைகளும் நுண்கருவிகளும் பற்றாக்குறையாயிருந்த ஒரு நாட்டின் பட்டறைகள் செய்யக்கூடிய பொறி அது. அதன் குறைபாடுகள் அந்நாட்டின் வறுமையிலிருந்து பிறந்தன. அதன் சிறப்புகளும் அங்கிருந்தே பிறந்தன. விமானத்தின் உடலும் அத்தகையதே: மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி. தச்சன் அறிந்த பொருள்களுக்கு அப்பால் அதிகமெதுவும் இல்லை.

இவ்விமானத்தின் சமூக அடித்தளத்தை விளங்கிக்கொள்வதற்குச் சமகாலப் பிரித்தானியாவை நோக்குதல் பயன்தரும். அங்கு 1925 இல் டி ஹவிலண்ட் நிறுவனம் வெளியிட்ட மொத் என்னும் இலகு விமானம் பறப்புக் கழகங்களைத் தோற்றுவித்தது. அக்கழகங்களுக்கு அரசும் உதவிப்பணம் வழங்கியது. எனினும் விமானமோட்டல் வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே பெரும்பாலும் நிலைத்தது. இலண்டனில் அலுவலகப் பணிபுரிந்த ஏமி ஜோன்சன் 1930 இல் தனியே அவுஸ்திரேலியாவுக்குப் பறந்தமை பெருஞ்சாதனை. ஆனால் அவருக்கும் விமானம் வாங்குவதற்குத் தந்தையின் பணமும் எண்ணெய்ச் செல்வர் ஒருவரின் ஆதரவும் வேண்டியிருந்தன.

சோவியத் ஒன்றியத்தில் விமானம் தனியார் உடைமையாகவில்லை. 1927 இல் நிறுவப்பட்ட ஒசொஅவியாக்கிம் என்னும் பாதுகாப்புச் சங்கம் தொழில் நகரங்களிற் பறப்புக் கழகங்களை அமைத்தது. 1931 இல் இளங்கம்யூனிஸ்ட் கழகமான கொம்சொமோல் விமானப்படையைத் தன் பேணுகைக்குள் எடுத்துக்கொண்டது. ஆலைத் தொழிலாளரும் மாணவரும் வேலை நேரம் போக எஞ்சிய பொழுதிற் பறக்கக் கற்றனர். அவர்களுட் பெண்களும் கணிசமாக இருந்தனர். அவர்கள் கற்ற விமானம் ஊ-2. அது மெல்ல இறங்கும்; குறுகிய புல்வெளி போதும்; மாணவனின் தவறுகளைப் பொறுக்கும். ஓட்டுபவர் கைவிட்டாலும் தானே சமநிலைக்கு மீள முயலும் இயல்புடையது. முற்போக்கு எழுத்தாளர் பலர் இதனைப் பண்பாட்டுப் புரட்சியின் ஒரு கூறாக மாத்திரம் எடுத்துக்காட்டுவதுண்டு. அது உண்மையின் ஒரு பாதியே. இக்கழகங்கள் வரப்போகும் போருக்கான சேமப்படையைத் தயார்செய்யும் நிறுவனங்களாகவும் இருந்தன, அந்நோக்கம் மறைக்கப்படவுமில்லை. தொழிலாளியின் மகளுக்கு வானம் திறந்துவிடப்பட்டதையும், அவ்வானம் முதலிலிருந்தே போர்க்களமாகத் திட்டமிடப்பட்டதையும் ஒன்றாகவே எழுதுதல் வேண்டும்.

ஊ-2 இன் உற்பத்தி லெனின்கிராட் ஆலையிற் கால்கொண்டுவந்த அதே காலத்தில், 1929 இல், அதனை வரைந்தவர் கைது செய்யப்பட்டார். நாசவேலை என்பது குற்றச்சாட்டு. குருவானவரின் மகன், பழைய ஆட்சிக்காலப் பொறியியலாளர் என்னும் இரு அடையாளங்களே அக்காலச் சூழலில் ஐயத்துக்குப் போதுமானவையாக இருந்தன. தமக்கு முன்னரே கைதான திமித்ரி கிரிகொரொவிச்சுடனும் ஏனைய கைதிகளுடனும் சேர்ந்து, சிறைக்குள்ளேயே அமைக்கப்பட்ட வரைபடக் கூடத்தில் அவர் இ-5 என்னும் போர்விமானத்தை வடிவமைத்தார். 1930 இல் அது பறந்தது. 1931 இல் அவர் விடுவிக்கப்பட்டார். கைதியின் மூளையிலிருந்து அரசு விமானம் பெறும் இம்முறை பின்னர் 1930களின் இறுதியில் மேலும் விரிந்தது. துப்பொலெவ் போன்றோரும் அதற்குட்பட்டனர். இதனைக் காலத்தின் கட்டாயம் என்று கடந்து செல்வோர் ஒரு வினாவுக்கு விடை கூறுதல் வேண்டும்: நாடு முழுவதிலும் மாணவர் ஏறிப் பறந்துகொண்டிருந்த விமானத்தின் ஆசிரியனை நாசகாரன் என்று கூறுவதற்கு எவ்வாறு இயன்றது?

சமாதானகாலத்தில் இவ்விமானம் செய்த பணிகள் பல. அவற்றை விரித்துரைப்பின் கட்டுரை நீளும். வயல்களுக்குப் பூச்சிநாசினி தூவியது, தபால் சுமந்தது, பாதையற்ற ஊர்களிலிருந்து நோயாளரைக் கொணர்ந்தது. மக்கள் அதற்கு இட்ட 'குக்குருஸ்னிக்' என்னும் பெயர் சோளத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது.

1941 ஜூனில் ஜேர்மனி படையெடுத்தபோது சோவியத் விமானப்படை முதல் நாள்களிலேயே பேரிழப்புக்குள்ளாயிற்று. பயிற்சி விமானங்களை இரவுக்குண்டு விமானங்களாக மாற்றியது அந்நெருக்கடியின் விளைவு. பகலில் அவை பறந்தால் இரையாகும். இரவிலோ மரமும் துணியுமான உடலைக் காண்பது கடினம். இலக்கை அண்மித்ததும் பொறியின் வேகத்தைத் தணித்து ஏறத்தாழ ஓசையின்றிச் சறுக்கி வரலாம். எதிரியின் போர்விமானங்கள் காற்றில் நிற்பதற்கே வேண்டிய குறைந்த வேகம் ஊ-2 இன் உச்ச வேகத்தை ஒட்டியிருந்தமையால், பின்தொடர்ந்து சுடுவது அவற்றுக்கு எளிதாயிருக்கவில்லை. இச்சிறு குண்டுகள் கோட்டைகளைத் தகர்த்துவிடவில்லை. அவை விளைத்த மிகப் பெரிய சேதம் எதிரியின் உறக்கத்துக்கே என்று கூறினும் தவறாகாது. 1942 இன் பிற்பகுதியில் ஜேர்மனியர் தாமும் பழைய இரட்டைச் சிறகுப் பயிற்சி விமானங்களைத் திரட்டி இதே முறையில் இரவுத் தொல்லைப் படைகளை அமைத்தனர். உலகின் முன்னணித் தொழினுட்பத்தைத் தன்னுடையதென்று பெருமை பேசிய படை இவ்வாறு பின்பற்ற நேர்ந்தமையே போதிய சான்று.

இவ்விடத்தில் 588 ஆம் இரவுக்குண்டுப் படையணியின் வரலாறு வருகின்றது. 1938 இன் நெடுந்தூரப் பறப்பினாற் புகழ்பெற்ற மரீனா ரஸ்கோவா, போர்முனைக்கு அனுப்பும்படி பெண்கள் எழுதிய கடிதங்களை முன்வைத்து வாதாடியதன் பயனாக, 1941 அக்டோபரிற் பெண்களுக்கென மூன்று விமானப் படையணிகளை அமைக்க அனுமதி கிடைத்தது. அவற்றுள் ஊ-2 விமானங்களைப் பெற்ற 588 இற்கு யெவ்தொக்கியா பெர்ஷான்ஸ்கயா தலைமை தாங்கினார். விமானிகள் முதல் குண்டேற்றுநர் வரை யாவரும் பெண்கள். 1942 மே மாதத்திற் போர்முனையை அடைந்த இப்படையணி, கவ்க்காசியாவிலிருந்து கிரிமியா, பெலருஷ்யா, போலந்து வழியாக ஜேர்மனி வரை சென்றது. ஏறத்தாழ 24,000 பறப்புகளை மேற்கொண்டது. 1943 இற் காவற்படையணி என்ற சிறப்புப் பெற்று 46 ஆம் எண்ணைப் பெற்றது. உறுப்பினருள் 23 பேர் சோவியத் ஒன்றியத்தின் வீரர் என்னும் பட்டம் பெற்றனர். தொடக்கம் முதல் இறுதி வரை அதனை வழிநடத்திய பெர்ஷான்ஸ்கயாவுக்கு அப்பட்டம் வழங்கப்படவில்லை.

'இரவுச் சூனியக்காரிகள்' என்று எதிரிகள் இட்டதாகக் கூறப்படும் பெயரே அண்மைக்காலப் பிரபல எழுத்துக்களில் இவர்களுக்கு நிலைத்துவிட்டது. அப்பெயர் வாசகரைக் கவரும், வரலாற்றையோ மறைக்கும். ஊ-2 இல் இரவுதோறும் பறந்த ஆண் படையணிகளும் பல இருந்தன என்பதை அது மறக்கச் செய்கின்றது. அதனினும் முக்கியமாக, நிலத்தில் நின்றவர்களை அது முற்றாக அழித்துவிடுகின்றது. ஒரே இரவில் ஒரு விமானம் எட்டு முறையும் அதற்கு மேலும் பறந்ததெனின், அத்தனை முறையும் இருளில் எரிபொருள் நிரப்பியவர் யார்? குண்டுகளைக் கையால் தூக்கிச் சிறகின்கீழ் மாட்டியவர் யார்? உறைபனியில் வெற்றுக்கையால் உலோகத்தைத் தொட்டுத் திருகாணி முடுக்கியவர் யார்?

இப்படையணி அதற்கெனத் தானே ஒரு முறையைக் கண்டது. ஒவ்வொரு விமானத்துக்கும் அதற்குரிய திருத்துநரே பொறுப்பு என்பது படைவிதி. 588 இன் பெண்கள் அவ்விதியை மீறிக் குழுக்களாகப் பிரிந்தனர். ஒரு குழு இறங்கும் விமானத்தை எதிர்கொள்ளும். ஒன்று எரிபொருள் நிரப்பும். ஒன்று குண்டு மாட்டும். எந்த விமானம் வந்தாலும் அக்குழுவே கவனிக்கும். இதனால் இறங்கிய விமானம் சில நிமிடங்களில் மீண்டும் எழுந்தது. ஆலைத் தொழிலின் வேலைப்பிரிவினையைப் புல்வெளிக்குக் கொணர்ந்த இந்த ஒழுங்கு, மேலிடத்திலிருந்து வந்த கட்டளையன்று. வேலை செய்தவர்களின் கண்டுபிடிப்பு. விமானம் எளிதாக அமைந்தமையே இதனைச் சாத்தியமாக்கிற்று. எம்-11 இன் இயல்பை ஒருத்தி அறிந்தால் எல்லா விமானங்களையும் அறிந்தவளாவாள். இழப்புகளை ஈடுசெய்யவும் வெளியிலிருந்து ஆள் வரவில்லை. வழிகாட்டுநர் விமானிகளாயினர், திருத்துநர் வழிகாட்டுநராயினர். படையணியே ஒரு பள்ளிக்கூடமாயிற்று. அதற்கு வேண்டிய பாடக்கருவியாக ஆதியிற் பயிற்சிக்கெனச் செய்யப்பட்ட அதே விமானம் கையிலிருந்தது.

விலையும் கொடுக்கப்பட்டது. 1944 வரை இவர்கள் பரசூட் இன்றியே பறந்தனர். துணிச்சிறகில் தீப்பற்றினால் தப்ப வழியில்லை. 1943 ஜூலை 31 ஆம் திகதி இரவு கூபான் பிரதேசத்தில், வழமையான விமான எதிர்ப்புப் பீரங்கிகள் மௌனமாயிருக்கத் தேடொளி விளக்குகள் மட்டும் எரிந்தன. அவ்வெளிச்சத்தில் அகப்பட்ட ஊ-2 களை ஜேர்மன் இரவுப்போர் விமானம் ஒன்று வேட்டையாடிற்று. நான்கு விமானங்கள் எரிந்து வீழ்ந்தன. எட்டுப் பெண்கள் மாண்டனர். வேகமின்மை பாதுகாப்பாகும் என்று மேலே கூறியதற்கு எல்லையுண்டு என்பதை அவ்விரவு காட்டிற்று. மொஸ்கோப் பல்கலைக்கழகத்தில் வானியல் பயின்றுகொண்டிருந்த யெவ்கேனியா ருத்னெவா இப்படையணியின் வழிகாட்டுநராயிருந்து 1944 ஏப்ரலிற் கேர்ச் அருகே உயிரிழந்தார். சிறுகோள் ஒன்று இன்று அவர் பெயரைத் தாங்குகின்றது. படையணியின் அலுவலர் தலைவியாயிருந்த இரீனா ரக்கொபோல்ஸ்கயா போரின் பின் அதே பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, அண்டக்கதிர் ஆய்வில் ஈடுபட்ட பௌதிகவியற் பேராசிரியராகி, 2016 வரை வாழ்ந்தார். ஏனையோருட் பலருக்கு அத்தகைய வாய்ப்பு இருக்கவில்லை. 1945 அக்டோபரிற் படையணி கலைக்கப்பட்டது. படைவிமானத் துறையின் கதவுகள் பெண்களுக்குப் பெரும்பாலும் மூடப்பட்டன. நெருக்கடியில் வழங்கப்பட்ட சமத்துவம் நெருக்கடி நீங்கியதும் மீளப்பெறப்பட்டது எனக் கூறுவது மிகையாகாது.

விமானம் படையணியினும் நீண்டகாலம் வாழ்ந்தது. போலந்து அதனை உரிமம் பெற்றுக் கட்டியது. கொரியப் போரில், 1951 ஜூன் 17 ஆம் திகதி அதிகாலையில், வட கொரியாவின் இவ்வகை விமானமொன்று சூவோன் தளத்திற் குண்டிட்டு, அக்காலத்தின் அதிநவீன செபர் ஜெற் விமானமொன்றை நிலத்திலேயே அழித்து வேறு சிலவற்றைச் சேதப்படுத்திற்று. வயல்வேலையை 1947 இற் பறந்த அன்-2 படிப்படியாக ஏற்றது. அதுவும் இரட்டைச் சிறகு விமானமே. அதன் 1,000 பரிவலு ஆரைப் பொறியும் ஷ்வெத்சொவின் கைவண்ணமே. 'குக்குருஸ்னிக்' என்னும் பெயரும் அதற்கே சென்றது. பயிற்சிக் கழகங்களில் யாக்-18 அதன் இடத்தைப் பிடித்தது. 1955 இல் சராத்தொவ் பறப்புக் கழகத்திலே யூரி ககாரின் பறக்கக் கற்ற அவ்விமான வகையின் தொடக்ககாலப் பொறியும் எம்-11 இன் வளர்ச்சியடைந்த வடிவமே.

பொலிக்கார்ப்பொவ் விடுதலைக்குப் பின் சோவியத் போர்விமான வடிவமைப்பின் முதல்வராக விளங்கினார். ஸ்டாலின் பரிசு இருமுறை அவருக்கு வழங்கப்பட்டது. 1944 ஜூலை 30 ஆம் திகதி அவர் நோயுற்று இறந்தார். அவ்வாண்டிலேயே, அவர் நினைவாக, ஊ-2 விமானம் அவர் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிப் பொ-2 எனப் பெயர் மாற்றப்பட்டது. அவருக்கு எதிரான பழைய தீர்ப்பு 1956 வரை இரத்துச் செய்யப்படவில்லை. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் அவருடைய பெயரோடு ஆயிரக்கணக்கான விமானங்கள் பறந்துகொண்டிருந்தன. அரசின் கோப்புகளில் அவர் குற்றவாளியாகவே இருந்தார்.